இருபத்தொரு ஓட்டு வாங்கிய பாம்பு

"பாம்புக்குச் சக்கரம் எதுக்கு வாத்தியாரே? அது எந்தக் காலால ஓடும்?" என்று கேட்டார் டூயி.

ஆல்டன் பர்ட்வெல் தன் கையிலிருந்த பிளாஸ்டிக் சக்கரத்தைப் பார்த்தார். "வாங்க வரல. திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன். போன வாரம் இத வாங்கும்போது ஹாம்ஸ்டர்தான் வரப்போகுதுன்னு நினைச்சேன்."

"இப்ப?"

"இப்ப பாம்பு வருது."

டூயியின் கடை நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. முன்பக்கம் தூண்டில் புழு, பின்பக்கம் பாம்பு. மூன்றாம் வகுப்பு ஆசிரியரான ஆல்டன் அந்த ஊரில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார், ஆனால் அந்தக் கடையின் முன்பக்கத்தைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்ததில்லை. இப்போதும் வாசலை ஒட்டியே நின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஆல்டன் தன் வகுப்புக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். ஜனவரி முடிவதற்குள் இருபத்திரண்டு பேரும் சேர்ந்து ஆயிரம் புத்தகம் படித்துவிட்டால், வகுப்பில் வளர்க்க ஒரு பிராணி வாங்கித் தருவேன், என்ன பிராணி என்பதை ஓட்டுப் போட்டு நீங்களே முடிவு செய்யலாம் என்றார். ஆயிரம் புத்தகமாவது, இதுகளாவது என்ற நம்பிக்கை அவருக்கு. பிள்ளைகள் ஆயிரத்து நாற்பது படித்துவிட்டார்கள்.

போகட்டும், கன்னத்தை உப்பிக்கொண்டு சக்கரத்தில் ஓடும் ஹாம்ஸ்டர் எலிதான் ஜெயிக்கும் என்று முன்கூட்டியே கூண்டும் சக்கரமும் வாங்கி வைத்தார். எல்லா வகுப்பிலும் அதுதான் ஜெயிக்கும். ஓட்டுச் சீட்டுகளைப் பிரித்துப் படித்தபோது முதல் சீட்டில் 'சோளப்பாம்பு' என்று இருந்தது. இரண்டாவதிலும் அதுவே. இருபத்தொரு சீட்டில் சோளப்பாம்பு, ஒன்றில் குதிரை. குதிரை எழுதியவன் டக்கர். அவன் கணக்குப் பரீட்சையிலும் குதிரை என்றுதான் எழுதுவான்.

ஆல்டனுக்கு உலகத்தில் பயமான பொருள் ஒன்றே ஒன்றுதான். அதைத் துல்லியமாகக் கண்டுபிடித்து ஓட்டுப் போட்டிருக்கிறார்களே, இதுகள் பிள்ளைகளா பிசாசுகளா என்று நினைத்துக்கொண்டார். ஆனால் கொடுத்த வாக்கை அவர் ஒருமுறையும் மீறியதில்லை. எழுத்துப் போட்டியில் நீங்கள் ஜெயித்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று ஒரு வருடம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மீசை இல்லாத முகத்தோடு மூன்று மாதம் நடமாடியவர் அவர்.

"பயப்படாதீங்க வாத்தியாரே. சோளப்பாம்புக்கு விஷம் கிடையாது. நம்ம ஊர் சோளக் கொட்டகையில எலி பிடிச்சிக்கிட்டுத் திரியுமே, அதே ஜாதிதான்" என்ற டூயி, ஒவ்வொரு பொருளாக எடுத்து மேசையில் வைத்தார். "கண்ணாடித் தொட்டி. பூட்டு போட்ட மூடி. பூட்டு ரொம்ப முக்கியம், விரல் நுழையற சந்து இருந்தா பாம்பு வெளிய வந்துரும். இது சூடு குடுக்கற பாய், தொட்டிக்கு அடியில ஒட்டணும். இது சூட்டைக் கட்டுப்படுத்தற பெட்டி. ஒரு பக்கம் எண்பத்தஞ்சு டிகிரி ஃபாரன்ஹீட், இன்னொரு பக்கம் கொஞ்சம் கம்மி. மரத்தூள். தண்ணிக் கிண்ணம். ஒளிஞ்சிக்க ரெண்டு வீடு."

"ஒரு பாம்புக்கு எதுக்கு ரெண்டு வீடு?"

"ஒண்ணு சூட்டுப் பக்கம், ஒண்ணு குளிர்ச்சிப் பக்கம். ஒண்ணு மட்டும் வச்சா, உடம்ப சூடு பண்றதா, பயத்துல ஒளியறதான்னு அது குழம்பிப் போகும்."

"எனக்கு அந்தக் குழப்பம் இப்பவே இருக்கு."

"பாம்பு வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் தொட்டிய சும்மாவே ஓட்டிப் பாக்கணும். காலையில சாயங்காலம் சூட்டை எழுதி வைங்க. சரியா இருந்தாத்தான் பாம்பு தருவேன். வந்த அப்புறம் அஞ்சு நாளைக்கு அதத் தொடக் கூடாது."

"அஞ்சு வருஷம்கூட தொடாம இருப்பேன், டூயி" என்று ஆல்டன் மனப்பூர்வமாகச் சொன்னார்.

பகலில் ஒரே அறையில் இருப்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கண்ணாடி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, நடுவில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மீதி சனி, ஞாயிறு மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பள்ளியின் ஹீட்டரை நிறுத்திவிடுவார்கள். அதனால் எந்த வகுப்பின் பிராணியும் அங்கே தங்கக் கூடாது, வாரம் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்ப வேண்டும் என்பது தலைமை ஆசிரியை திருமதி லவெட் போட்ட சட்டம். இருபத்திரண்டு வீடு இருக்கும்போது தன் வீட்டுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. ஆல்டன் பெற்றோருக்குச் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

கடிதங்கள் மறுநாளே திரும்பி வந்தன. இருபத்திரண்டிலும் 'முடியாது' என்று இருந்தது. ஒரு தாய் அதற்கு அடியில் மூன்று கோடு போட்டிருந்தாள். மான் வேட்டைக்குப் போகும் ஒரு தந்தை, 'எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் என் மனைவி துப்பாக்கி அலமாரியின் சாவியைக் கேட்கிறாள்' என்று எழுதியிருந்தார். ஊர்ப் போதகர், 'ஏதேன் தோட்டத்தில் நடந்ததே போதும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்.

"ஒரு வீட்டுலயும் சேர்க்கலையே" என்று ஆல்டன் வகுப்பில் வருத்தத்தோடு சொன்னார். பிள்ளைகள் அழுவார்கள், ஹாம்ஸ்டரே போதும் என்பார்கள் என்று எதிர்பார்த்தார்.

"பரவாயில்ல சார்" என்றது முதல் வரிசையில் இருந்த இமோஜின் என்ற பெண், மிகவும் சாவதானமாக. அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. மற்றவர்களும் பரவாயில்லை என்று தலையாட்டினார்கள்.

சரி, பாம்பு பள்ளியிலேயே தங்கட்டும், ஹீட்டர் இல்லாவிட்டால் என்ன, அதற்கென்று சொந்தமாகச் சூட்டுப் பாய் இருக்கிறதே என்று அவருக்கு யோசனை பிறந்தது. வாரக் கடைசியிலும் தொட்டி சூடாக இருப்பதை நிரூபித்துக் காட்டினால் திருமதி லவெட் ஒப்புக்கொள்வார். அன்றே தொட்டியை வகுப்பில் வைத்து, பாயை ஒட்டி, பெட்டியை மாட்டினார். பெட்டியிலிருந்து சூட்டை அளக்கும் ஒரு மெல்லிய ஒயர் வந்தது. அதன் முனையைப் பாயின் மேல் ஒட்ட வேண்டும் என்று டூயி இரண்டு முறை சொல்லியிருந்தார். ஆனால் ஆல்டன் ஆசிரியர் அல்லவா? எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் ஒரு பாடம் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் வந்து சூட்டைப் பார்த்து எழுத வசதியாக அந்த முனையை ஜன்னலில் தொங்கவிட்டார்.

வெளியே பனி. ஜன்னல் கண்ணாடி ஐஸ் போல இருந்தது. ஐயோ, பாம்புக்குக் குளிருகிறதே என்று பெட்டி நினைத்துக்கொண்டு பாயைச் சூடாக்கியது. முனைக்கு இன்னும் குளிர்ந்தது. இன்னும் சூடாக்கியது. பிள்ளைகள் ஒழுங்காக நோட்டில் 'நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று' என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். பதினொரு மணிக்கு மரத்தூள் புகைந்தது, தொட்டியின் அடிப்பக்கம் பட்டென்று வெடித்தது, தீ மணி அடித்தது. நானூறு பிள்ளைகள் கோட்டு இல்லாமல் மைதானத்தில் நின்றார்கள். இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. டக்கருக்கு அது வாழ்நாளிலேயே மிகச் சிறந்த நாள்.

"ஆல்டன், இன்னும் பாம்பே வரல. அதுக்குள்ள பள்ளிக்கூடத்தக் கொளுத்தப் பாத்தீங்க" என்றார் திருமதி லவெட்.

"ஒயர் கொஞ்சம் இடம் மாறிப் போச்சும்மா."

"இனிமே இந்தச் சோதனையெல்லாம் உங்க வீட்டுல வச்சிக்குங்க. சனி ஞாயிறுல இந்தக் கட்டடத்துல ஒரு பல்புகூட எரியக் கூடாது."

புதுத் தொட்டி வாங்கி ஆல்டன் வீட்டுக்கு எடுத்துப் போனார். வைக்க இடம் தேடினார். முன்னறையில் ஜன்னலிலிருந்து தள்ளி, மின் இணைப்புக்குப் பக்கத்தில், சமமான மேசை ஒன்றுதான் இருந்தது. அது டெல்லாவின் தையல் மேசை. மனைவி இறந்து மூன்று வருடமாக அவர் அதன்மேல் எதையும் வைத்ததில்லை. துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகு தொட்டியை வைத்தார். இந்த முறை ஒயரின் முனையைப் பாயின்மேல் ஒட்டினார். காலையிலும் மாலையிலும் எண்பத்தைந்து டிகிரி இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் வீட்டில் ஆள் இல்லாததால் நோட்டில் எழுதி வைத்தார்.

அடுத்தது சாப்பாடு. டூயி சொன்ன இடத்தில் ஐம்பது செத்த எலிகள், உறைய வைத்தவை, ஆர்டர் செய்திருந்தார். பார்சல் பள்ளி முகவரிக்கு வந்துவிட்டது. உருகிவிடக் கூடாதே என்று அவசரமாக ஆசிரியர் அறையின் ஃப்ரீசரில், கோழிக் கறிப் பொட்டலங்களுக்குப் பின்னால் வைத்தார். மேலே ஒரு சீட்டில் 'தயவுசெய்து திறக்க வேண்டாம்' என்று எழுதினார். எழுதாமல் இருந்திருந்தால் யாரும் திறந்திருக்க மாட்டார்கள். சுளுக்கிய காலுக்கு ஐஸ் தேடிவந்த பாட்டு டீச்சர் அதைப் படித்தார், திறந்தார், அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் எட்டாத ஸ்தாயியை எட்டினார்.

எலிகளும் ஆல்டனின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அங்கே ஃப்ரீசரில் நிறைய இடம் இருந்தது. ஒற்றை ஆள் சாப்பாட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

இப்படித் தொட்டி வந்துவிட்டது, எலி வந்துவிட்டது, பாம்பு மட்டும்தான் பாக்கி என்று ஆல்டன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஏதாவது ஒரு வீட்டை, ஒரே ஒரு வீட்டையாவது வளைத்துப் போட வேண்டும். பெற்றோர் கூட்டம் போட்டு, டூயியை ஒரு சோளப்பாம்போடு வரவழைத்து, அது எவ்வளவு சாது என்று காட்டிவிட்டால் யாராவது மனம் இளகுவார்கள்.

"நீங்கதான் பிடிச்சிக் காட்டணும், டூயி. நான் பக்கத்துல நின்னு பேசறேன்" என்று நூறு தடவை சொல்லிவைத்தார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் வாத்தியாரே."

கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. போதகர்கூட வந்து, வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். பிள்ளைகள் பின்னால் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். டூயி துணிப் பையிலிருந்து பாம்பை எடுத்தார். ஆரஞ்சு நிறம், முழங்கை நீளம். பிள்ளைகள் அதற்கு ஏற்கெனவே பட்டர்ஸ்காட்ச் என்று பெயர் வைத்துவிட்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து டூயியின் போன் அடித்தது. "பொண்டாட்டி. எடுக்கலன்னா கொன்னுருவா. ஒரு நிமிஷம் பிடிங்க வாத்தியாரே" என்று பாம்பை ஆல்டனின் கையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஆல்டன் உறைந்து போனார். உறைந்தார் என்றால் ஃப்ரீசரில் இருக்கும் எலிகள் தோற்றன. கத்த வேண்டும் என்று நினைத்தார், வாய் வரவில்லை. உதற வேண்டும் என்று நினைத்தார், கை வரவில்லை. பட்டர்ஸ்காட்ச் மெதுவாக அவருடைய சட்டைக் கைக்குள் நுழைந்தது. எங்கே இருக்கிறது என்று அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்தது. பதினொரு நிமிடம் கழித்து அது காலர் வழியாகத் தலையை நீட்டி, சபையை ஒருமுறை பார்த்தது.

"பாருங்க, மனுஷன் கண்ணைக்கூட சிமிட்டல" என்றார் மான் வேட்டைக்காரர், மரியாதையோடு.

"எவ்வளவு நிதானம்! எனக்கெல்லாம் உயிரே போயிருக்கும்" என்றாள் மூன்று கோடு போட்ட தாய்.

"இது பிறவியிலேயே வர்ற வரம்" என்றார் போதகர். வாசலை விட்டு இரண்டு நாற்காலி முன்னேறியிருந்தார்.

"அது அவர்கிட்ட எப்படி ஒட்டிக்கிச்சு பாருங்க. அத வாரா வாரம் ஒவ்வொரு வீடா அலைய விடறது பாவம் இல்லையா? அவர்கிட்டயே இருக்கட்டுமே!" என்றது இன்னொரு குரல்.

திருமதி லவெட் எழுந்தார். "எனக்கும் அதுதான் சரின்னு படுது. சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ் லீவு, கோடை லீவு மூணு மாசம், எல்லாம் மிஸ்டர் பர்ட்வெல் வீட்டுல. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

ஆட்சேபணை ஒருவருக்கு இருந்தது. அவர் அதைச் சொல்வதற்காக உதட்டைப் பிரித்தார். பட்டர்ஸ்காட்ச் நாக்கை நீட்டி அவருடைய தாடையைத் தொட்டது. உதடு மூடிக்கொண்டது.

கூட்டம் கை தட்டியது. பின்சுவரோரம் நின்ற பிள்ளைகள்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்கள். தான் கோடை முழுவதும் ஒரு பாம்போடு அடைபடப் போவதில் இதுகளுக்கு இவ்வளவு குஷியா என்று ஆல்டனுக்கு உண்மையிலேயே மனசு விட்டுப்போயிற்று. இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியதற்கு இதுதான் பலன்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் அவர் டூயிக்குப் போன் செய்தார். மறுநாள் காலை பாம்பு வகுப்புக்கு வருவதாக ஏற்பாடு.

"டூயி, வாங்கின பாம்பத் திருப்பிக் கொடுக்க முடியுமா?"

"ஒரு வாரத்துக்குள்ள முடியும். ஏன், நேத்து ராஜா மாதிரி நின்னீங்களே?"

"அது ராஜா இல்ல டூயி. அது பொணம். நாளைக்கு சாயங்காலம் நேரா உங்க கடைக்கு எடுத்துட்டு வந்துடறேன்."

"எடுத்துட்டு வாங்க. ஆனா திங்கட்கிழமை பிள்ளைங்க கேட்டா என்ன சொல்வீங்க?"

"உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட இருக்குன்னு சொல்வேன். அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு..."

"நீங்களா வாத்தியாரே?" என்றார் டூயி. கேலியாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது அதிகமாக வலித்தது.

அன்று மாலை ஆல்டன் கண்ணாடி முன்னால் நின்று பொய்யை ஒத்திகை பார்த்தார். பழக்கமில்லாத வேலை. ஒவ்வொரு முறையும் காது சிவந்தது. ஆயிரத்து நாற்பது புத்தகம் படித்த பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேர், படிக்கத் தடுமாறிய பிள்ளைகள். அவர்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு வாக்கு போய்விடும், சொல்லாவிட்டால் உயிர் போய்விடும். உயிரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை பட்டர்ஸ்காட்ச் வந்தது. பூட்டு போட்ட பயணப் பெட்டிக்குள் சுருண்டு, நாள் முழுவதும் யாரையும் தொந்தரவு செய்யாமல் இருந்தது. பிள்ளைகள் அதற்குக் கதை படித்துக் காட்டினார்கள். மூன்று மணிக்கு மணி அடித்தது, ஒவ்வொருவராகப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, "பை பட்டர்ஸ்காட்ச், திங்கட்கிழமை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆல்டன் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அழித்த இடத்தையே அழித்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு பெட்டியைக் கைப்பிடியில் பிடித்து, உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்துக்கொண்டு, கார் நிற்கும் இடத்துக்கு வந்தார். அங்கே இமோஜின் தன் அம்மாவுக்காகக் காத்திருந்தாள்.

"கதவத் திறக்கட்டுமா சார்?"

"திறம்மா."

அவள் பின்கதவைத் திறந்து பிடித்தாள். அவர் பெட்டியை இருக்கையில் வைத்தார். அவள் எட்டிப் பார்த்து, பெல்ட்டை இழுத்துப் பெட்டிக்கு மாட்டி, சரியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். பள்ளி வாசலில் வலப்பக்கம் திரும்பினால் ஆல்டனின் வீடு. இடப்பக்கம் திரும்பினால் டூயியின் கடை. ஆல்டன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

"ஏம்மா இமோஜின், பேசாம ஹாம்ஸ்டருக்கு ஓட்டுப் போட்டிருந்தா என்ன? உங்க அம்மா, டக்கரோட அம்மா, யாரா இருந்தாலும் சரின்னு வீட்டுக்கு விட்டிருப்பாங்கல்ல? வாரம் ஒரு வீட்டுக்குப் போயிருக்குமே."

இமோஜின் இவ்வளவு சுலபமான கணக்குகூட சாருக்குத் தெரியவில்லையே என்பது போல அவரைப் பார்த்தாள்.

"அதனாலதான் சார் போடல. பாம்புன்னா எங்க யார் வீட்டுலயும் சேர்க்க மாட்டாங்க, கடைசியில உங்க வீட்டுக்குத்தான் வந்தாகணும், அப்பத்தான் சனி ஞாயிறு நீங்க ஒண்டியா இருக்க மாட்டீங்கன்னு எல்லாரும் பேசி வச்சித்தான் ஓட்டுப் போட்டோம்."